கழுவிக் கொடுத்த அறை

எங்கள் தெருவுக்குக் குடிவருகிறவர்கள் முதலில் வந்துவிடுவார்கள். வீடு பிறகுதான் வரும். சில சமயம் ஒரு வாரத்தில் வந்துவிடும், சில சமயம் ஒரு மழைக்காலமே போய்விடும். அதுவரை அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வந்த புதிதில் கோடி வீட்டு வக்கீல் தன் மாடிப்படியை எங்களுக்குக் கொடுத்திருந்தார். மாடி இல்லாத படி. அதில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வக்கீல் வீட்டார் எங்கள் வீடு வரும்வரை ஏணி வைத்து மாடிக்கு ஏறினார்கள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

பக்கத்து மனைக்குத் தணிகாசலமும் அவர் மனைவி ராஜகுமாரியும் ஐப்பசியில் வந்து இறங்கினார்கள். போளூர்ப் பக்கத்துக்காரர்கள். பிள்ளை இல்லை. ஒரு பீரோ, இரண்டு பெட்டி, வேரில் சாக்கு சுற்றிய ஒரு வாழைக்கன்று. வாசல் வரப்போகிற இடத்தை உத்தேசமாகப் பார்த்து ராஜகுமாரி கோலம் போட்டாள். கல் கூட்டிப் பால் காய்ச்சினாள். பால் பொங்குகிற நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. தணிகாசலம் பாலுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. நல்ல மனிதர், சாமர்த்தியம்தான் போதாது.

என் மனைவி பூங்கோதை சேமியா பாயசம் வைத்துத் தூக்கில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் பாயசம் வைத்து வெகுநாள் ஆகியிருந்தது. ஏலக்காய் எங்கே இருக்கிறதென்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"வீடு எங்க வந்துட்டிருக்கு?" என்று நான் கேட்டேன்.

"செங்கம் தாண்டிடுச்சாங்க. ஒரு பாலத்துல திரும்ப முடியாம நிக்குதாம்" என்றார் தணிகாசலம்.

மறுநாள் காலை தூக்கு திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஜகுமாரி ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தாள். தூக்கையும் பளபளவென்று தேய்த்திருந்தாள். அவளுக்கு அழுத்தமான கை. மூடியில் வெட்டியிருந்த என் மாமியாரின் பெயரில் இரண்டு எழுத்து மங்கிவிட்டது.

காற்றுக்கு வேண்டுமே என்று கூடத்து ஜன்னலைக் கழற்றிக் கொடுத்தோம். அதைப் பீரோவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஜன்னலோடு ஒரு சுவர் கிடைத்ததும் எங்களுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெறும் ஜன்னலாகத் தர மனம் வராமல் அதில் போளூர் மலையைக் கொஞ்சம் வைத்திருந்தார்கள். அதுவரை அந்த ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். மலை எவ்வளவோ தேவலை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ராஜகுமாரிக்குக் காய்ச்சல் வந்தது. குடையின் கீழ் பெட்டியின் மேல் சுருண்டு படுத்திருந்தாள். உடனே ஓர் அறை வேண்டும். எங்கள் படுக்கையறையை ஏற்கெனவே மேற்குத் தெருவில் ஒரு குடும்பம் வாங்கிப் போயிருந்தது. நாங்களே கூடத்தில்தான் படுத்தோம். மிச்சம் இருந்தது மதுவந்தியின் அறை ஒன்றுதான்.

மதுவந்தி எங்கள் மகள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன பிறகும் அவள் சொல்லும் ஒரு வாக்கியம் அந்த அறையில் தங்கிவிட்டது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அறை, "லைட்ட நிறுத்தாதம்மா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லும். பூங்கோதை, "சரிடி" என்பாள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சு அவ்வளவுதான். நான் நடையில் நின்று கேட்டுக்கொள்வேன். அதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அறையைக் கொடுக்கலாமென்று நான் சொல்லவில்லை. எனக்கு மனமில்லை. பூங்கோதைதான் சொன்னாள்.

"காய்ச்சல்காரப் பொண்ணு மழையில கிடக்குது. எடுத்துக் குடுங்க."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "திரும்பத் தரும்போது அதுல எதையும் வைக்காதீங்க. வெறுமையாவே குடுங்க."

தணிகாசலம் பதறிப்போனார். "வெறுமையாவா? எப்படிங்க அது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் வைக்க மாட்டோம்க்கா" என்று ராஜகுமாரி குடைக்குள்ளிருந்து சொன்னாள்.

வக்கீலும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். அறை நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. அது இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரமண் தெரிந்தது. அங்கே சாக்கு விரித்தோம்.

அன்று மாலை அறை பக்கத்து மனையிலிருந்து பேசியது. பூங்கோதை இரண்டு மனைக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "சரிடி" என்றாள். தினமும் அப்படியே நடந்தது. ராஜகுமாரிக்கு உடம்பு தேறியது. ஒரு நாள் பூங்கோதை அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ராஜகுமாரி முந்திக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்று சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. நான் சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.

தை பிறந்து வீடு வந்தது. கிளிப்பச்சை நிறம். வழியில் புளியங்கிளை உரசி ஒரு பக்கத்து வண்ணம் போயிருந்தது. தெருவே கூடி நின்று இறக்கி வைத்தோம்.

அடுத்த நாள் அறை திரும்பி வந்தது. சொன்ன சொல் தவறவில்லை, உள்ளே எதுவும் வைக்கவில்லை. ஆனால் கழுவியிருந்தார்கள். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு, தரை, சுவர், கூரை, கதவிடுக்கு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்திருந்தார்கள். மதுவந்தியின் உயரத்தைக் குறித்து வைத்த பென்சில் கோடுகள் போய்விட்டன. அலமாரியின் மூலையில் இருந்த அவளுடைய தலையெண்ணெய் வாசனை போய்விட்டது. அறை கண்ணைப் பறித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பூங்கோதை விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். அறை எதுவும் சொல்லவில்லை. நன்றாக இருட்டும்வரை நின்றாள். பிறகு விளக்கை நிறுத்தினாள். அப்படி ஓர் இருட்டை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் போய்த் தணிகாசலத்திடம் கேட்டேன்.

"கழுவாம எப்படிங்க குடுக்கறது?" என்றார்.

கேட்டது நியாயம்தான். எங்கள் தெருவில் யாரும் எச்சில் பாத்திரத்தைத் திருப்பித் தந்ததில்லை. அவர் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

"கழுவுன தண்ணிய என்ன பண்ணீங்க?"

"வாழைக்குத்தான் விட்டோம்."

வாழை நன்றாக வளர்ந்தது. பங்குனியில் ஒரு மாலை ராஜகுமாரி மூச்சு வாங்க ஓடி வந்து, "அக்கா, சீக்கிரம் வாங்க" என்றாள். போனோம். வாழை, "லைட்ட நிறுத்தாதம்மா, இன்னும் கொஞ்ச நேரம்" என்றது. பூங்கோதை மரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, "சரிடி" என்றாள். அங்கே விளக்கு இல்லை. மறுநாளே தணிகாசலம் ஒரு கம்பு நட்டு, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து பல்பு போட்டார். ஒரு நாற்காலியும் கொண்டுவந்து வைத்தார். அவரால் ஆனதைச் செய்தார்.

அதன் பிறகு பூங்கோதை தினமும் சாயங்காலம் அங்கே போனாள். ராஜகுமாரி காபி கொடுப்பாள். தம்ளரைப் பூங்கோதையே கழுவி, அடியில் ஒரு கிள்ளு சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். நான் போனால் நின்றுகொள்வேன்.

ஐப்பசியில் வாழை குலை தள்ளியது. எல்லோரும் பார்த்தோம். குலை தள்ளிய வாழையை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? தை வரைக்கும் தாங்கியது. குரல் மெலிந்துகொண்டே வந்து கடைசியில், "லைட்ட" என்று மட்டும் கேட்டது. பிறகு மரம் தானாகவே மடங்கிச் சாய்ந்தது. தணிகாசலம் குலையை இறக்கித் தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தார். எங்கள் பங்கு எங்கள் தூக்கிலேயே வந்தது. நாங்கள் சாப்பிடவில்லை.

அடியில் ஒரு பக்கக்கன்று இருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை, எதுவும் பேசாது. இருந்தாலும் பூங்கோதை போய் பல்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். ராஜகுமாரி பகலெல்லாம் அதற்குத் தண்ணீர் விட்டாள், சாம்பல் போட்டாள், குனிந்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று மாலை நானும் கூடப் போயிருந்தேன். காபி குடித்து முடித்துப் பூங்கோதை எழுந்தபோது கன்று பேசியது. அதே குரல், மதுவந்தியின் குரலேதான்.

"லைட்ட நிறுத்தாதீங்க பெரியம்மா, இன்னும் கொஞ்ச நேரம்."

ராஜகுமாரி பூங்கோதையை வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வீட்டில் வளர்கிற கன்றுக்கு அவள் பெரியம்மாதான். முறை சரியாகத்தான் இருந்தது.

பூங்கோதை தம்ளரைக் கழுவிச் சர்க்கரை போட்டு ராஜகுமாரியின் கையில் கொடுத்தாள்.

"சரிம்மா" என்று கன்றிடம் சொன்னாள்.

விளக்கை எரியவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.