செலவாகாத பணம்

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்துவிட்டு, "அம்மா பணத்த அந்த ஏரி டிரஸ்டுக்கே குடுத்துடலாங்க" என்றாள் பிளஸ்ஸி. அவள் கணவன் ஜாய்சன் சரி என்று சொல்லியிருக்கலாம். "கணக்கப் பாத்துட்டுக் குடுப்போம்" என்றான். நாவலூர் ஆபீசில் அவன் வேலையே அதுதான். புதிதாக ஒப்பந்தம் போட வரும் கம்பெனிகளின் கணக்கைக் குடைந்து, எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கேயாவது இடிக்கும் என்பது அவன் அனுபவம்.

பிளஸ்ஸி மறுக்கவில்லை. அது அவள் அம்மா ஹில்டா பென்ஷனில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். போன டிசம்பர் மழையில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் இவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது, ஹில்டாவை நாற்காலியோடு தூக்கிப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வரமுடியவில்லை. உயிர் போன பிறகும் தண்ணீர் வடியவில்லை. கரண்ட் இல்லாததால் ஐஸ் பெட்டிக்கும் வழியில்லை. அடுத்தவர் வீட்டு ஹாலில், அவர்களுடைய டிவிக்குக் கீழே அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பாஸ்டர் போனிலேயே ஜெபம் செய்தார். சார்ஜ் தீர்ந்து பாதியில் நின்றுபோக, மீதியைப் பிளஸ்ஸியே சொல்லி முடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளால் தாங்க முடியாமல் இருந்தது அதுதான்.

ஏரியைச் சீர்செய்யப் பணம் வசூலிக்கும் அந்த டிரஸ்டிடம் கேட்டதும் மறுநாளே தணிக்கை அறிக்கைகளை அனுப்பிவிட்டார்கள். அதுவே அவனுக்கு ஆச்சரியம். சம்பளம் குறைவு, விளம்பரச் செலவு இல்லை, பயணப்படி என்று போட்டிருந்ததெல்லாம் ஷேர் ஆட்டோவுக்குத்தான் காணும். ஒன்றே ஒன்று உறுத்தியது. வசூலித்த பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் பேங்கில் கிடந்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. பிடித்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை பொழிச்சலூர் போனான். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. டிரஸ்டை நடத்தும் ஹஃபீசா பேங்கிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இவ்ளோ பணம் வாங்கி வச்சிருக்கீங்க மேடம். வேலைக்குப் போடலயே?"

"அது பூரா கால்வாய்க்குன்னு குடுத்தது சார். ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வெளிய போற கால்வாய். அத மறுபடி தோண்டத்தான் கேட்டோம், குடுத்தாங்க. வேற எதுக்கும் அதத் தொடக்கூடாது."

"தோண்டலாமே?"

"எங்க சார் தோண்டுறது? அது மேல பூரா வூடா நிக்குது. எல்லாத்துக்கும் பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு, பேங்க் லோன் இருக்கு. மனு போட்டுப் போட்டு ஓஞ்சுட்டேன். ஏரிய எவ்ளோ ஆழம் பண்ணாலும், ரொம்பினா தண்ணி அது வழியாத்தான் போவும்."

"அப்போ பணத்தத் திருப்பிக் குடுத்துடலாம் இல்ல?"

"யாருக்கு? குடுத்தவங்கள்ல பாதிப் பேரு வித்துட்டுப் போயிட்டாங்க. வேணாம்னு சொன்னாலும் ஒவ்வொரு மழைக்கும் யாராச்சும் அனுப்புறாங்க." பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்க வூடு எந்தத் தெரு?"

"மூணாவது குறுக்குத் தெரு."

விமானம் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஹஃபீசா பேசாமல் இருந்தார். "டீ சொல்லட்டுமா சார்?" என்று எழுந்தார். அவன் வேண்டாம் என்றான். "அந்தக் கால்வாயே உங்க தெருதான் சார்" என்றார். "உங்க தப்பு இல்ல. பணத்த வேற எதுக்காச்சும் குடுங்க. நீங்களே வச்சுக்குங்க, தப்பே இல்ல."

பல்லாவரம் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது, பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடிப்பது வரைக்கும் அவனுக்கு உறைக்கவில்லை. தங்கள் வீட்டை வாங்கும்போதும் எல்லாக் காகிதத்தையும் அவன்தான் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிளஸ்ஸியிடம் மறைக்கவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

"நம்ம வீட்டால நின்ன தண்ணியிலதான் அம்மா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "கணக்குதானே பாக்கப் போனீங்க. இத ஏன் கேட்டுட்டு வந்தீங்க?" என்றாள்.

"வித்துட்டுப் போயிடலாமா?"

"யார்கிட்ட?"

பணத்தைப் பற்றி இருவரும் அதற்கப்புறம் பேசவில்லை. புதன்கிழமை அவளே டிரஸ்டுக்கு அனுப்பிவிட்டாள். ரசீது உடனே வந்தது. அந்தப் பணமும் மற்றதோடு சேர்ந்து பேங்கில் கிடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பியபோது எதிர் மனையில் முட்செடிகளை வெட்டியிருந்தார்கள். ஒரு சின்ன வயசுத் தம்பதி புரோக்கரோடு நின்றிருந்தது. ஜாய்சன் வண்டியை உள்ளே நிறுத்திக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் கேட்டருகே வந்து பிளஸ்ஸியிடம் பேசினாள். பெயர் கெசியாவாம், வீட்டுக்காரர் பிரணவாம், தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறார்களாம்.

"தெரு நல்லா அமைதியா இருக்குக்கா. மழைக்குத் தண்ணி நிக்குமா?"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜாய்சன் மனைவியைப் பார்த்தான். பிளஸ்ஸி பைபிளை மார்போடு அணைத்தபடி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் பிரணவ் அங்கிருந்து குரல் கொடுத்தான். "கெசியா, இங்க வா, கிச்சன் இங்கதான் வருதாம்!"

"இதோ வந்துடறேங்க்கா" என்று அவள் ஓடினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெட்டிய முள் குத்தாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவன் காட்டிய இடத்தில் போய் நின்றாள். அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பாள் போல. அவன் அவள் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பி நிறுத்தினான். இல்லாத ஜன்னல் வழியாக அவள் இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள்.