இயக்குநரின் கார்டு

பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரான நாளிலிருந்து அவளுக்குப் பாழாய்ப்போன கூட்டங்களே பிழைப்பாகிவிட்டன. மைக்ராஸ்கோப்பைத் தொடக் கை துறுதுறுத்தது. அன்று நிர்வாகக் குழுக் கூட்டம் தள்ளிப்போனதும், விட்டால் போதுமென்று தன் பழைய ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். கதவில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தாலும் சிவப்புதான்.

உள்ளேயிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து திறந்தாள். "ஆறு மாசமா இங்க வேலை செய்யாதவங்க கார்டையெல்லாம் நிறுத்திட்டாங்க மேடம். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டவள் அவளேதான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

"யாரைப் பாக்கணும் மேடம்? கூப்பிடட்டுமா?"

அவள், ஜன்னலோரம் உறை மாட்டி வைத்திருந்த தன் மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.