கையெழுத்துப் போடும் இடம்

“போதும் டாக்டர்,” என்றாள் சிஸ்டர். டாக்டர் கேட்கவில்லை. தன் அம்மாவின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள். வேறு யாராவது என்றால் பத்து நிமிடம் முன்பே நிறுத்தியிருப்பாள். சிஸ்டர் தோளைத் தொட்ட பிறகுதான் கை நின்றது. மணி காலை ஒன்பது இருபது.

இறந்துவிட்டதாக எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டும். அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இருக்கும் ஒரே மருத்துவர் அவள்தான். பெற்ற தாய்க்கு அவளே எழுதக் கூடாது. சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து, அவள் நெட்டை என்று கூப்பிடும் டாக்டரே நேரில் வந்து நின்றான்.

நெட்டை கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். அவனுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இன்றைக்கு அங்கே இதயப் பிரிவே அவன் கையில். அவளோ பதினெட்டு வருடமாக அதே உதவி மருத்துவர் பதவியில். திறமையில் குறை ஒன்றுமில்லை. பெரிய இடத்தில் இருந்தால் பெரிய கேஸ் வரும், கருவி வரும், அதன் பின்னாலேயே பதவியும் வரும். இங்கே வருவது சளி, காய்ச்சல், நாய்க்கடி. வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்ததால் இவளும் நகரவில்லை. நேற்றுதான் முதல் தடவையாக அங்கே நேர்காணலுக்குப் போனாள். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது.

நெட்டை அம்மாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டான். பிறகு, “அம்மாவோட சீட்டு எங்கக்கா?” என்றான்.

சீட்டு இல்லை. அம்மாவுக்கு ஒருநாளும் சீட்டுப் போட்டதில்லை. அடுப்படியில் நின்றபடியே இவள் நாடி பார்ப்பாள். சாப்பிடும்போது மாத்திரை பேர் சொல்லுவாள்.

“வலி எப்ப ஆரம்பிச்சுது?”

“காலைலதான். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க.” சொல்லும்போதே அவளுக்குக் கூசியது. இதே பதிலைச் சொன்ன எத்தனை பேரை அவள் கடிந்துகொண்டிருக்கிறாள்!

“பத்து நாளா இருந்துச்சு சார்,” என்றாள் சிஸ்டர், தரையைப் பார்த்தபடி. “நெஞ்சு எரியுதுன்னு எங்கிட்டதான் மாத்திரை கேட்டாங்க. வாயுன்னு நெனச்சு நானும் குடுத்துட்டேன். அவகிட்ட மூச்சு விடாத, இன்டர்வியூவுக்குப் போகாம நின்னுடுவா, என்னால அவ கெட்டது போதும்னாங்க...”

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். அவளுக்குச் சிஸ்டர்மேல் ஆத்திரம் வந்தது. அம்மாமேலும் வந்தது. பத்து நாளும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். அந்த முகத்தை ஒரு தடவைகூட அவள் டாக்டராகப் பார்க்கவில்லை.

“உங்கிட்ட கூட்டிட்டு வந்திருந்தா?”

“வேண்டாங்க்கா.”

“சொல்லுடா.”

“பொழச்சிருப்பாங்க.”

அவன் பையைத் திறந்து படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினான். பெயரும் வயதும் சரிதானா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டியவன், “நேத்தே முடிவாயிடுச்சுக்கா. வேலை உங்களுக்குத்தான். இத இப்ப சொல்லக் கூடாது...” என்று இழுத்தான்.

அவள் தலையாட்டினாள். பேனாவை வாங்கி, மருத்துவர் கையொப்பம் என்றிருந்த இடத்தில் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டாள். மேசையில் கிடந்த முத்திரையையும் எடுத்துக் குத்திவிட்டாள்.

நெட்டை அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தான். இன்னொரு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதினான். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே ஓரிடத்தில் விரலை வைத்தான்.

“இங்கக்கா.”

உறவுமுறை என்று அச்சிட்டிருந்தது. அவள் எழுத்து மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. இப்போது நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, மகள் என்று எழுதினாள். மை காயும்வரை சிஸ்டர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.