மாமியார் பெயரில் ஒரு குளவி

வெல்வெட் எறும்பு எறும்பே இல்லை, குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. உடம்பெல்லாம் சிவப்பு ரோமம். கொட்டினால் ஊரையே கூட்டிவிடுவோம், அப்படி வலி. ஓடு அவ்வளவு கெட்டி, பெட்டியில் குத்திவைக்கப் போனால் ஊசிதான் வளையும். பிடித்தால் கிறீச்சென்று கத்தும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு என் மாமியாரின் பெயரை வைத்தேன். மரியாதைக்குத்தான் வைத்தேன். அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எனக்கும் என் கணவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பதினோரு வருடத்தில் நான் பெயர் வைத்த இனம் அது ஒன்றே. அவருக்கு இருபத்து மூன்று. அதில் ஒன்று இறக்கையுள்ள, கொடுக்கில்லாத, கறுப்பான ஓர் ஆண் குளவி. அதற்கு என் அப்பாவின் பெயரை வைத்தார். அப்பாவைத் தெரிந்த யாரும் மறுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மணல்மேட்டில் தேனீ வளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் இருக்கும் அந்தத் தேனீக்களின் கூட்டுப்புழுக்கள் மேல்தான் பெண் குளவி முட்டையிடும். ஒரு வளை வாசலில் என் மாமியாரும் என் அப்பாவும் இணைசேர்ந்திருந்தார்கள். பூச்சிகளைச் சொல்கிறேன்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சாயலே இருக்காது என்பதால் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுவது எங்கள் துறையில் சகஜம். முதலில் அச்சான பெயர் நிற்கும், மற்றது போகும். கணவர் வைத்தது இரண்டு வருடம் மூத்தது. பார்த்தது நான் மட்டும். வாயைத் திறக்காவிட்டால் என் ஒற்றை இனம் பிழைக்கும். இரண்டு நாள் திறக்காமல் இருந்து பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டு மாமியாரிடம் போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தை, உங்க பூச்சிக்கு இனிமே உங்க பேர் இல்ல.”

“பின்ன யார் பேரு?”

“எங்கப்பா பேரு. உங்க பையன் முந்திக்கிட்டார்.”

“சம்பந்தி பேரா? அவர் எறும்பக் கண்டாலே நாற்காலி மேல ஏறுவாரே.”

கத்தியைக் கீழே வைத்தார். நான் புயலுக்குத் தயாரானேன்.

“அந்தப் பேருக்குப் பக்கத்துல, பேரு வெச்சவன்னு உன் பேரும் சின்னதா போட்டிருந்துச்சே. அது?”

“அதுவும் போச்சு. இனி உங்க பையன் பேருதான்.”

“அவனுக்குத்தான் இருபத்து மூணு கிடக்கே. உனக்கு?”

“ஒண்ணுதான் இருந்துச்சு.”

இத்தனை வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை, கட்டியவர் உட்பட. மாமியார் மகனைக் கூப்பிட்டார். கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“இருபத்து மூணு பூச்சில ஒண்ணுக்குக்கூட இவ பேர வைக்கத் தோணலையாடா உனக்கு?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்கு வலித்தது.