பாலாறு விருந்துக்கு வந்த வருஷம்

1952-ஆம் வருஷம் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாலாறு ஆம்பூர் டேனரி முதலாளி கனகராஜின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து ஆடி பிறக்கும் வரை தங்கியது. அந்த வருஷம் புளி விலை ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஆற்றைக் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டார்கள், வந்தது. அந்தப் பக்கத்தில் பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தவர்களைவிட அதைப் பாடியவர்கள் அதிகம். மாட்டு வண்டி மணலில் அச்சு முறிந்து நிற்கும். அதே மணலைப் பார்த்து, பாலெனப் பொங்கி வரும் பெருமாட்டியே என்று ஒருவர் கரையில் நின்று உருகிக்கொண்டிருப்பார். அவர்களில் தலையாயவர் கனகராஜ். 'பாலாற்றுப் பாவலர்' என்ற பட்டத்தை இலக்கியக் கழகத் தலைவர் என்ற முறையில் அவரே வழங்கி, கவிஞர் என்ற முறையில் அவரே எழுந்து போய் வாங்கிக்கொண்டார். பாட்டுகளை எழுதியது மட்டும் அவருடைய டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் ஆபித் பாஷா. வீட்டில் உருது பேசி, தமிழில் பாட்டுக் கட்டுகிறவன். உட்கார்ந்தால் அவனுக்கு ஒரு சொல்லும் வராது. ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து நடந்தே ஆற்றின் புகழை வளர்த்தான்.

அந்தப் பங்குனியில் அவன் வழக்கத்தைவிட அதிகம் நடந்தான். ஆற்று வளைவில் தாழைமேடு என்று நாலு ஏக்கர் நிலம் இருந்தது. அங்கே மாடு மேய்ப்பதில்லை, மட்டை வெட்டுவதில்லை என்பது தாது வருஷப் பஞ்சத்திலிருந்து ஊர்க்கட்டு. காரணம், அங்கே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கனகராஜுக்கு அந்த இடத்தில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகள் வெட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஆற்றையும் ஊர் காத்த நிலத்தையும் போற்றி ஒரு கவியரங்கம் ஏற்பாடு செய்தார். கவிதை தொடங்குமுன் பஞ்சாயத்தார் நிலத்தை அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. போற்றப்பட்ட நிலம் மறுத்துப் பேசாது என்பது அவர் கணக்கு.

"தெருக் கெணத்துல டீ கலர்ல வருது. மேட்டுத் தண்ணியும் போச்சுன்னா புள்ளைங்களுக்கு இன்னாத்த குடுக்கறது?" என்றாள் ஆபித்தின் மனைவி ஷஹீன் பானு. "உங்க கவிதையக் காய்ச்சி ஊத்தவா?"

"முதலாளி கிட்ட நான் எப்டி சொல்றது?"

"அவருக்கு வாயே நீங்கதானே. உங்க வாய்க்கு இன்னா வந்துச்சு?"

ஆபித் மறுபடி நடக்கப் போய்விட்டான்.

காய்ந்த ஆற்று மணலிலேயே பந்தல் போட்டார்கள். பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கனகராஜ் மைக்கைப் பிடித்தார். அந்த ஊரில் முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு: வரி பிடித்துவிட்டால் கேட்பவர்கள் 'முகர்ரர்!' என்று கூவுவார்கள், கவிஞர் அதைத் திரும்பச் சொல்லியாக வேண்டும். தமிழ்க் கூட்டங்களுக்கும் அது தொற்றியிருந்தது. டேனரி ஆட்களை லாரியில் ஏற்றிவந்த மேஸ்திரி ராஜவேலு, "முதலாளி எங்க மூச்சு வுட்றாரோ அங்க கத்துங்கடா" என்று சொல்லிவைத்திருந்தான். முதலாளிக்கு ஆஸ்துமா. 'தங்கையே, தண்பாலாறே, தமையன் மனைக்கு வாராயோ' என்ற வரியில் அவருக்கு மூச்சு வாங்கியது. முகர்ரர் என்றார்கள். திரும்பச் சொன்னார், திரும்ப மூச்சு வாங்கியது. பந்தலுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த ஆபித் சட்டென்று நின்றான். ஒரு தடவை கூப்பிட்டால் அது உபசாரம். அத்தனை பேர் எதிரில் அத்தனை தடவை கூப்பிட்டால், எவ்வளவு ரோஷமுள்ள தங்கையும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

முதலில் முன்வரிசை நாற்காலிகளின் கால்கள் நனைந்தன. பஞ்சாயத்தார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு எழும்பிய ஆறு, கனகராஜின் காருக்குப் பின்னால் ஒழுங்காக நடந்தது. பெங்களூர் மெயிலுக்காக ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே சற்று நின்றது. கேட் திறந்ததும் கடைத்தெரு வழியாகத் திரும்பி அவர் வீட்டுக்குள் நுழைந்தது. முதலாளியின் மனைவி கமலவேணி ஆரத்தி எடுத்தாள். அன்றைக்கு அதைக் கரைக்கத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

உட்காரத் தெரியாத விருந்தாளி அது. கூடத்தில் ஊஞ்சல் பலகை நனையும் அளவுக்கு நின்றபடி, அறை அறையாகப் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும். அண்டாக்களை இடம் மாற்றும். பீரோவைத் திறந்து பார்க்கும். கனகராஜ் மாடிக்குக் குடிபோனார். அவருடைய தலையணை உறையில் கெண்டை மீன்கள் இருந்தன. தெருப் பெண்கள் குடத்தோடு வாசல் வழியாக வந்து, பின்கட்டு வழியாகப் போனார்கள். ஷஹீன் பானுவும் வந்தாள். தண்ணீர் தித்தித்தது. முதலாளி ஆபித்தைக் கூப்பிட்டு, "போகச் சொல்லி ஒரு பாட்டு எழுதுய்யா" என்றார்.

ஆபித் பச்சகுப்பம் வரை நடந்தான், திரும்பினான், மாதனூர் வரை நடந்தான். ஆறு போய்விட்டால் தாழைமேட்டில் சுண்ணாம்புக் குழி விழும். தெருவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. போகாவிட்டால் அவனுக்கு வேலை கிடையாது. வாரங்கள் போயின, செருப்பு தேய்ந்தது, பாட்டு வரவில்லை. சாக்குச் சொல்லப் போன ஒருநாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடுப்பைத் தேடிக்கொண்டிருந்த கமலவேணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாஷா, உங்க முதலாளி செய்யறது நல்லாருக்கா? வூட்டுக்கு வந்த நாத்தனாருக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக் குடுத்தாரா? சீர் இல்லாம எவ போவா?"

அன்றைக்கு ஆபித் வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதினான். உட்கார்ந்தபடி அவனுக்குப் பாட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரியைப் படித்ததும் கனகராஜுக்கு மூச்சு வாங்கியது.

"தாழைமேட்டக் குடுக்கறதா? பைத்தியமா உனக்கு?"

"தங்கச்சின்னு ஊருக்கெதிர்ல கூப்ட்டீங்க முதலாளி. வெறுங்கையோட அனுப்பினா ஊர் இன்னா சொல்லும்?"

"எழுதறவன் எழுதறதோட நிறுத்திக்கணும்."

"நிறுத்திக்கறேன். இதான் நான் உங்களுக்கு எழுதற கடைசிப் பாட்டு."

கனகராஜ் அந்த வரியை அடித்துவிட்டு, மாடிப்படியில் நின்று மிச்சத்தை ஆற்றுக்குப் படித்தார். வாசலில் டேனரி ஆட்கள் விசுவாசமாக 'முகர்ரர்' என்றார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தண்ணீர் ஒரு படி ஏறியது. அவர் ஒரு படி பின்வாங்கினார். மார்பளவு ஏறி, பின்வாங்கப் படி இல்லாமல் போனபோது மொட்டைமாடியிலிருந்து கமலவேணி, "சொல்லித் தொலைங்களேன்! கூடப்பொறந்தவளுக்கு நெலம் குடுத்தா மானமா போயிடும்?" என்றாள்.

"தாழைமேட்ட நீயே வெச்சிக்கோ" என்றார் கனகராஜ். பாலாற்றுப் பாவலர் தன் வாழ்நாளில் சொந்தமாகச் சொன்ன ஒரே வரி அதுதான். யாரும் முகர்ரர் கேட்கவில்லை.

ஆறு அண்டாக்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனது. தாழைமேட்டு வளைவில் மணலிலிருந்து எழுந்து இரண்டு பர்லாங் ஓடி மணலிலேயே மறைவது என்று ஏற்பாடு செய்துகொண்டது. மேலேயும் கீழேயும் வழக்கம்போல வண்டிப்பாதை. நிலத்தை ஆற்றின் பெயருக்கு எழுதிய பத்திரத்தில் தகப்பன் பெயர் நந்தி மலை, கணவர் பெயர் சமுத்திரம் என்று போட்டுக் கொடுத்தார்கள், சாட்சி கமலவேணி. ஆபித் வேலையை விட்டு, பேரணாம்பட்டில் வேறொரு டேனரிக்குத் தோல் தடவப் போனான். தினம் பஸ்ஸில் ஓரிடத்தில் உட்கார்ந்து போய்வருவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. புதிய முதலாளிக்குக் கவிதை ஆசை இல்லை.

அறுபத்தைந்தில் வானம் பொய்த்து, ஜில்லா முழுக்கக் கிணறுகள் வற்றியபோதும் வளைவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆபித் குடத்தைத் தூக்கிவிட, ஷஹீன் பானு தோளில் ஏற்றிக்கொண்டாள். கரையில் கால் வழுக்கியது.

"பாசி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள். "ரெண்டு கல்லு போடச் சொல்லுங்க."

ஆபித் கல் தேடி நடந்தான்.