முப்பத்தொன்றுக்கு முன் எடுத்த படம்

பத்து மணிச் சங்கு ஊதியபோது சதீஸ் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான். கொழுந்து எடுக்கப் போன பெண்களின் குழந்தைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வது அவன் அக்கா கோகிலாவின் வேலை.

"ஒரு சின்ன உதவிக்கா."

"நீ உதவின்னு வந்தாலே எனக்கு ஏதாவது வம்புதான்."

"ரெண்டு வார்த்த சொன்னா போதும். என் வெப்சைட்ட விக்கப் போறேன்."

"எந்த சைட்டு?"

"ஆன்லைன் கெசினோல ஜாக்பொட் எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுறது. கொரோனா நேரம் தொடங்கினேன். ரெண்டு வருசமா தொடவே இல்ல. அதுல இருக்கிற கணக்கெல்லாம் பழசு."

"கறக்காத மாட்ட யாருடா வாங்குவா?"

"ரத்னபுரில ரிப்கான்னு ஒரு ஆளு. வித்தா ருமேனியாவுக்கு வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்குக் கட்டிருவேன்."

"நல்லது. அதுக்கு நான் என்ன சொல்லணும்?"

சதீஸ் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அதுல ஒரு படம் இருக்குக்கா. ஜாக்பொட் அடிச்சவங்கன்னு. அந்தப் படத்தப் பாத்துத்தான் இன்னும் ஆளுக வாறாங்க. ரிப்கானுக்கும் அதுதான் வேணும். படத்துல இருக்கிறவங்க சம்மதம்னு வீடியோல சொல்லணுமாம்."

"அதுக்கு அவங்ககிட்டப் போய்க் கேளு."

"அது நீதான்."

கோகிலா சிரித்தாள். "எனக்கு எப்படா அடிச்சிச்சு? அடிச்சிருந்தா இங்க பீத்துணி அலசிக்கிட்டிருப்பேனா?"

"சும்மா போட்டதுக்கா."

"காட்டு."

"அது எதுக்கு இப்ப..."

"காட்டுடா."

காட்டினான்.

மஞ்சள் சேலை. எண்ணெய் வைக்காத தலை. ஊசி குத்திய மணிக்கட்டில் பிளாஸ்டர். கண்ணீரோடு சிரிக்கும் வாய். பின்னால் ஆஸ்பத்திரி வாசல் இல்லை. அந்த இடத்தில் பொன்னிற வெளிச்சம் இருந்தது. வலது கை மார்போடு வளைந்திருந்தது. இடது கை விரல்கள், ஒரு தலையைத் தாங்கும் விதமாக, விரிந்திருந்தன.

கைகளில் நோட்டுக்கட்டு இருந்தது.

பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழியும் முன் பச்சைப்பிள்ளையைப் படம் எடுக்கக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். யாரும் எடுக்கவில்லை. கோகிலா பிள்ளையோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வெளியே வந்த அன்று, சதீஸ் மட்டும் ஒன்று எடுத்தான். "கெழவிகிட்ட சொல்லிறாதக்கா" என்றான். முப்பத்தொன்று வருவதற்குள் குழந்தை போய்விட்டது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பிறகு அவள் அந்தப் படத்தைக் கேட்டபோது, போன் ஆற்றில் விழுந்துவிட்டது என்றான். கோகிலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் பொழுது சாயும்வரை கல் கல்லாகப் புரட்டினாள். அவனும் பக்கத்தில் குனிந்து தேடினான்.

"போன் ஆத்துல விழலயா?"

சதீஸ் தரையைப் பார்த்தான். "அப்பவே சைட்டுல போட்டுட்டேன். உனக்குத் தெரிஞ்சா எடுக்கச் சொல்லுவ."

"நீயும் எங்கூடத் தேடினியே."

"நீ எறங்கிட்ட. நான் என்னக்கா செய்ய?"

ஒரு தொட்டில் அசைந்தது. கோகிலா கையை நீட்டி ஆட்டினாள். அது அடங்கியது.

"முழுப் படம் இருக்கா?"

"முதல்ல இதச் சொல்லிரு. ரிப்கான் காத்துக்கிட்டிருக்கான். பொறகு பழைய போன்ல, அதுல இதுல, தேடிப் பாப்போம்."

அன்று ஆற்றங்கரையிலும் தேடிப் பார்ப்போம் என்றுதான் சொன்னான்.

"சரி. எடு."

சதீஸ் நம்பாதவன்போல அவளைப் பார்த்தான். பிறகு போனை முகத்துக்கு நேரே உயர்த்தினான். "பேரச் சொல்லிட்டு, படத்துல இருக்கிறது நான்தான், எனக்குச் சம்மதம்னு சொல்லுக்கா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

கோகிலா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எம் பேரு கோகிலா. அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்."

அவன் தலையை ஆட்டி, மேலே சொல்லும்படி விரலைச் சுழற்றினான்.

"எங் கையில இருந்த புள்ளய எங்கடா வச்ச?"