வேண்டாத எழுத்துகள்

அக்கா வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து அவளுடைய கட்டில் துணி போடும் இடமாகிவிட்டது. சின்னவள் ஈரத்துண்டைத் தள்ளிவிட்டு அதில் உட்கார்ந்து, நாலாவது முறையாக அக்காவை அழைத்தாள். அக்காவுக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. பேசுவதற்குக் கிடைப்பது இடைவேளைக் கால்மணி நேரம்தான்.

"என்னடி, தூங்கலையா?"

"அக்கா, நான் வசமா மாட்டிக்கிட்டேன்."

"காதல் கீதலா?"

"அதுவா இருந்தா தேவலையே."

ஆங்கிலப் பரீட்சையில் மிஸ் உரக்க வாசித்துச் சொன்ன கட்டுரைத் தலைப்பு: தேவையில்லாத எழுத்துகளை ஆங்கிலம் கைவிட வேண்டுமா? கைவிடலாம் என்று காட்டவே கைவிட்டு எழுதுகிறேன் என முதல் வரி போட்டு, சொற்களைக் காதில் விழும் ஒலிப்படியே நாலு பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள் சின்னவள். ஆங்கில மிஸ் பூரித்துப்போய் அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். வகுப்பே இப்போது அவளை 'புரட்சி' என்று கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமை மேடையில் விவாதம். எதிரணியின் தாளை அங்கேயே கையில் கொடுப்பார்கள். அதை உரக்க வாசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நல்லதுதானே? கத்திக்கு இங்கிலீஷ்ல நைஃப்னுதானே சொல்றோம், முன்னாடி எதுக்கு ஒரு கே? எங்க சூப்பர்வைசர் மாதிரி, வாயே தொறக்காம முன்னாடி வந்து நின்னுக்குது."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வேணும்னு விடலக்கா. எந்த எழுத்து எங்க வரும்னே எனக்குத் தெரியாது. வாசிக்கவும் வராது."

அந்தப் பக்கம் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம் தூரமாகியது; அக்கா ஒதுங்கி வந்திருந்தாள்.

"தினம் கண்ணு வலிக்குதும்ப. நான்தானே வாசிச்சுக் காட்டுவேன்?"

"வலியெல்லாம் பொய். நீ வாசிக்கிறதை அப்படியே மனப்பாடம் பண்ணிப்பேன். வகுப்புல புக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒப்பிச்சுருவேன். நானா பார்த்தா எழுத்தெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது."

"இத்தனை வருஷமாவாடி?"

"நீ இருந்தியே."

"வெள்ளிக்கிழமை காய்ச்சல்னு படுத்துக்கோ."

"அடுத்த வெள்ளிக்கிழமை?"

கிடங்கில் மணி அடித்தது.

"மிஸ்கிட்ட சொல்லிரு."

"ஏமாத்துக்காரின்னு நினைப்பாங்கக்கா. நீயும் கூட வரியா?"

"எப்படிடி வருவேன், லூசு..." என்றாள் அக்கா. "வைக்கட்டுமா? கூப்பிடறாங்க."

காலையில் ஆசிரியர் அறையில் மிஸ் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாம்மா, புரட்சி! பலகையிலேருந்து கழட்டி வெச்சிருக்கேன், இந்தக் கட்டுரைய எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பழகு."

தாளை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை. சுற்றியிருந்த ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மிஸ், கொஞ்சம் வெளியே வரீங்களா?"

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அவள் தாளைத் தூக்கிப் பிடித்து, முதல் வரிக்கடியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது சொல்லில் விரல் நின்றுவிட்டது.

"ம், மேல படி," என்றார் மிஸ்.

விரல் அங்கேயே இருந்தது. மிஸ் தாளிலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார்.